றச்செற்றுக்கு ஏற்ற எண்ணெய் யாது? தீவகத்துக் கமக்காரருக்குச் சில குறிப்புகள்



நிலமும் விதையும் நீரும் செவ்வனே அமைந்திருப்பினும், கருவி பழுதுற்றுக் கிடந்தால் கமம் நடவாது. மண்வெட்டியும் ஏரும் துலாவும் மட்டுமே கருவிகளாயிருந்த காலத்தில், மண்ணைத் துடைத்து நிழலில் வைப்பதே பராமரிப்பென இருந்தது. இன்று தோட்டங்களில் நீரிறைக்கும் இயந்திரமும், வயலில் இருசக்கர உழவு இயந்திரமும், முதுகிற் சுமக்கும் தெளிகருவியும் வந்துவிட்டன. இவற்றின் நட்டுகளை இறுக்கவும் தளர்த்தவும் உதவுவது, "கிறுக் கிறுக்" என ஒலித்தபடி ஒரு பக்கம் மட்டும் திரும்பும் கைக்கருவியாகிய றச்செற்று ஆகும். இச்சிறு கருவிக்கு எந்த எண்ணெயை, எவ்வளவு, எவ்வாறு இடுதல் வேண்டுமென்பதை இங்கு விளக்குவோம்.

ஒரு கைக்கருவிக்கு இத்துணை விளக்கம் எதற்கென நீங்கள் கேட்கலாம். ஊர்காவற்றுறையிலோ வேலணையிலோ வாழ்பவர் ஒரு கருவி பழுதானால் தாம்போதி வழியே யாழ்ப்பாண நகருக்குச் சென்று மீளலாம். நயினாதீவில் உள்ளவர் குறிகட்டுவானுக்குப் படகேறல் வேண்டும். நெடுந்தீவில் உள்ளவருக்கோ அப்படகுப் பயணமே ஏறத்தாழ ஒரு மணி நேரம். கடல் கொந்தளிக்கும் நாளில் அதுவும் இல்லை. வெங்காயமும் மிளகாயும் தண்ணீருக்கு ஏங்கும் கோடையில், நீரிறைக்கும் இயந்திரத்தின் அடித்தள ஆணி தளர்ந்துவிட, அதை இறுக்கும் றச்செற்றும் துருப்பிடித்து இறுகிக் கிடக்குமானால், அந்த நட்டம் கருவியின் விலையோடு நின்றுவிடாது. பயிரையும் அது பாதிக்கும்.

இன்னொரு கேடும் உண்டு. உள்ளே பிசின் கட்டிய றச்செற்று, முழு வலுவோடு இழுக்கும் வேளையிற் சடுதியாக வழுக்கும். அப்போது கையின் முட்டி இயந்திரத்தின் இரும்பில் மோதி உடைபடும். ஆகையால் இஃது உங்கள் உடற்காப்பைப் பற்றிய செய்தியுமாகும்.

றச்செற்றின் உள்ளமைப்பு

எண்ணெயைத் தெரிவுசெய்யுமுன் அது எவ்விடத்தில் வேலை செய்கிறதென்பதை அறிதல் வேண்டும். றச்செற்றின் தலைப்பகுதியினுள் ஒரு சிறு பற்சக்கரம் இருக்கிறது. அதன் பற்களிற் பொருந்துமாறு உலோக நாக்கு ஒன்று, சிலவற்றில் இரண்டு, அமைந்துள்ளது. அந்நாக்கை ஒரு மெல்லிய வில்லுக்கம்பி பற்சக்கரத்தின் மீது அழுத்திப் பிடிக்கிறது. பிடியை ஒரு பக்கம் திருப்பினால் நாக்கு பல்லைக் கவ்வி நட்டைத் திருப்பும். மறுபக்கம் திருப்பினால் நாக்கு பற்களின் மேல் ஏறியிறங்கி ஒலி எழுப்பும்.

இவ்வமைப்பை நீங்கள் நாள்தோறும் கேட்டிருக்கிறீர்கள். துவிச்சக்கரவண்டியை மிதிப்பதை நிறுத்தியதும் பின்சில்லில் எழும் "கட கட" ஒலி இதே வகைப் பற்களும் நாக்குகளும் எழுப்புவதே.

இவ்விடத்திற் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. நாக்கை அழுத்தும் வில்லுக்கம்பி மிகச் சிறியது. அதன் வலுவும் சிறியதே. தடித்த கிறீஸ் அடைத்துக்கொண்டாலோ, பழைய எண்ணெய் பிசினாகிவிட்டாலோ, அவ்வில்லினால் நாக்கைப் பற்களின் அடிவரை தள்ள இயலாது. நாக்கு பல்லின் நுனியை மட்டும் பற்றிக்கொண்டிருக்கும். அந்நிலையில் வலுவாக இழுத்தால் நாக்கு வழுக்கும். பல்லின் முனையும் உடையும். எனவே றச்செற்றுக்கு வேண்டுவது நாக்கைத் தடையின்றி அசையவிடும் மென்மையான எண்ணெயே. தடித்த எண்ணெய் மிகுந்த காவல் தருமென எண்ணுதல் இக்கருவியைப் பொறுத்தவரை பிழையாகும்.

தீவகத்தின் தனித்த இடர்: உப்பு

நாற்புறமும் கடல் சூழ்ந்த நம் தீவுகளில், சோளகக் காற்று வீசும் மாதங்களிலும் வாடைக் காற்று வீசும் மாதங்களிலும் கடலின் நுண்துளிகள் உள்ளூர்வரை வந்து படிகின்றன. நீர் உலர்ந்த பின்பு உப்பு மட்டும் இரும்பின் மீது தங்கும். மாரிகாலத்திற் சமையலறை உப்புச் சாடியில் நீர் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டியதும் உப்பு தானாகவே காற்றிலுள்ள நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கருவியின் மீது படிந்த உப்பும் அவ்வாறே செய்யும். மழைத்துளி ஒன்றும் படாமலே கருவிப் பெட்டிக்குள் இரும்பு துருப்பிடிப்பதற்குக் காரணம் இதுவே.

இங்கு மறவாது கொள்ளவேண்டிய உண்மை ஒன்றுண்டு. உப்பு எண்ணெயிலோ மண்ணெண்ணெயிலோ கரைவதில்லை. அது நீரில் மட்டுமே கரையும். உப்புப் படிந்த கருவியின் மீது எவ்வளவு நல்ல எண்ணெயை இட்டாலும், உப்பு எண்ணெய்க்கு அடியில் இருந்துகொண்டே துருவை வளர்க்கும். ஆகவே முதலில் உப்பை நீக்குக. அதன் பின்னரே எண்ணெய் இடுக.

வீட்டிலுள்ள எண்ணெய்கள் ஏற்றவையா?

தேங்காயெண்ணெய்: இது கைக்கெட்டும் பொருளாகையாற் பலரும் இதனையே இடுவர். ஆனால் இது ஏறத்தாழ 24 பாகை செல்சியசில் உறையத் தொடங்கும். மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையிற் போத்தலில் எண்ணெய் வெண்மையாய் உறைந்திருப்பதை அறிவீர்கள். றச்செற்றின் உள்ளும் அவ்வாறே உறைந்து நாக்கைப் பிடித்துக்கொள்ளும். நாள்பட்டாற் காறிப்போய் அமிலத்தன்மை பெறும். பித்தளை, செம்பு உறுப்புகளிற் பச்சைக் களிம்பு ஏறுவதற்கும் இது காரணமாகும்.

நல்லெண்ணெய்: இது உறையாது. ஆயினும் மெல்லிய படலமாகக் காற்றில் இருக்கும்போது நாளடைவில் ஒட்டும் பசையாக மாறிவிடும். பழைய விளக்கின் அடியிற் படியும் பசையை நினைத்துக்கொள்க. நாக்கு அசையாது நிற்பதற்கு அப்பசையே போதும்.

1990களிற் குடாநாட்டுக்கு எரிபொருள் வரத்துத் தடைப்பட்ட காலத்திற் சமையல் எண்ணெயை மண்ணெண்ணெயுடன் கலந்து மோட்டார் வண்டிகளை ஓட்டியோர் பலர். கிடைத்ததைக் கொண்டு காரியம் முடித்த அத்திறமை பாராட்டத்தக்கது. எனினும் அது வேறு வழியில்லாத காலத்து முறை. தக்க எண்ணெய் கடையிற் கிடைக்கும் இக்காலத்தில் அம்முறையைத் தொடரவேண்டுவதில்லை.

கழிவு எஞ்சின் எண்ணெய்: உழவு இயந்திரத்திலிருந்து வடித்த கறுத்த எண்ணெயைக் கருவிகளுக்குப் பூசுதல் நெடுநாள் வழக்கம். அதன் கருமை புகைக்கரியால் ஆனது. அதனுள் தேய்ந்த உலோகத்தின் நுண்துகளும் எரிபொருள் எரிந்ததனாற் பிறந்த அமிலங்களும் கலந்துள்ளன. துகள் பற்களைத் தேய்க்கும். அமிலம் இரும்பை அரிக்கும். கையிற் படுதலும் நன்றன்று. இதனை முற்றாக விலக்குக.

மண்ணெண்ணெய்: கழுவுவதற்கு இது நன்று. ஆனால் மிகவும் மெலிந்தது. விரைவில் உலர்ந்து கருவியை வெறுமையாக்கிவிடும். எண்ணெய்க்கு மாற்றாக இதனைக் கொள்ளலாகாது.

தகரப் புட்டியில் வரும் தெளிப்பு எண்ணெய்: டபிள்யூ.டி. 40 போன்றவை இன்று கடைகளில் எங்கும் உள. அப்பெயரின் பொருளை அறிந்தால் அதன் பயனும் விளங்கும். 1953ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் ஆக்கப்பட்ட அப்பொருளின் பெயர், "நீரை அகற்றுவதற்கான நாற்பதாம் முயற்சி" என்பதன் சுருக்கமாகும். ஈரத்தைத் தள்ளவும், துருவால் இறுகிய ஆணியை இளக்கவும் அது வல்லது. ஆனால் தெளித்ததன் பெரும்பகுதி ஆவியாகிப் பின்பு மிக மெல்லிய படலமே எஞ்சும். ஆகவே அதனைக் கழுவலின் ஈற்றில் ஈரம் போக்கப் பயன்படுத்துக. அதன் மேல் நிலையான எண்ணெய் இடுதல் வேண்டும்.

சில்லுக்கு இடும் தடித்த கிறீஸ்: உழவு இயந்திரச் சில்லின் குண்டுப் போதிகைக்கு இது ஏற்றது. றச்செற்றின் தலையினுள் அடைத்தால், முன்னர்க் கூறியவாறு, சிறு வில்லின் வலுவை அடக்கிவிடும். மணலையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஏற்றவை இரண்டு

முதலாவது, தையல் இயந்திர எண்ணெய். இது தெளிந்த, மெல்லிய கனிய எண்ணெய். பசையாகாது, மார்கழியிலும் உறையாது. ஊரிலுள்ள சிறு கடைகளிலும் சிறு புட்டியிற் கிடைக்கும். இது கிடையாதவிடத்து நீரியல் எண்ணெய் எனப்படும் ஐதரோலிக் எண்ணெயின் மெல்லிய வகையை இடலாம். இரண்டும் இல்லாதவிடத்துப் புதிய எஞ்சின் எண்ணெய் ஒரு துளி இடுதல் பிழையன்று. சற்றுத் தடித்ததாயினும் அது தூயது.

இரண்டாவது, மென்மையான கிறீஸ். கிறீசின் தடிப்பை எண்ணாற் குறிப்பர். 000, 00, 0, 1, 2 என எண் ஏறுந்தோறும் கிறீஸ் இறுகும். கடையிற் பொதுவாகக் கிடைப்பது 2ஆம் எண். அது வெண்ணெய்ப் பதத்தது. றச்செற்றுக்கு வேண்டுவது அதனினும் இளகிய 0 அல்லது 1ஆம் எண். கிறீசின் வகையையும் பார்த்து வாங்குக. கல்சியம் அல்லது லிதியம் கலந்த கிறீஸ் நீருக்கு ஈடுகொடுக்கும். சோடியம் கலந்தது நீர் பட்டாற் கரைந்து ஓடும்; நம் தீவுகளுக்கு ஆகாது. 2ஆம் எண் மட்டுமே கிடைக்குமானாற் கிறீசை விடுத்து எண்ணெயையே இடுக.

இவ்விரண்டில் உங்கள் கருவிக்கு எது ஏற்றது? அதனை அறிய எளிய வழி உண்டு. நட்டு எதனிலும் பொருத்தாது, தலையின் சதுர முனையைக் கையாற் பிடித்துக்கொண்டு பிடியை ஒரு முழுச் சுற்றுச் சுழற்றுக. எத்தனை ஒலி எழுகிறதென எண்ணுக. 24 அல்லது 36 ஒலி கேட்பின் பற்கள் பெரியவை. ஒரு பல்லுக்கு 15 அல்லது 10 பாகை திருப்பம். இவற்றுக்கு மென்கிறீஸ் நன்று. உப்புக் காற்றில் எண்ணெயைவிட நெடுநாள் நிலைக்கும். 72 ஒலியோ அதற்கு மேலோ கேட்பின் பற்கள் நுண்ணியவை. ஒரு பல்லுக்கு 5 பாகை அல்லது அதனினும் குறைந்த திருப்பம். இவற்றுக்குத் தையல் இயந்திர எண்ணெயே தக்கது. அஃது எளிதிற் கழிந்துபோவதால் அடிக்கடி இடுதல் வேண்டும்.

செய்முறை

1. வெறும் நிலத்திலோ மணலிலோ இவ்வேலையைச் செய்யற்க. மேசை மீது வெள்ளைத் துணியை விரித்து, அதன் மேற் செய்க. வில்லுக்கம்பி துள்ளி மணலில் வீழ்ந்தால் மீண்டும் கிடைப்பதரிது.

2. முதலில் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியாற் கருவியின் வெளிப்புறத்தை நன்கு துடைக்க. உங்கள் கிணறு உவர்க்கிணறாயின் அந்நீரைப் பயன்படுத்தலாகாது. உப்பை நீக்கப் போய் உப்பைச் சேர்த்ததாகும். குடிநீரோ சேகரித்த மழைநீரோ கொள்க. பின்பு உலர்ந்த துணியால் ஈரத்தைப் போக்குக.

3. தலையின் மூடித்தகட்டைத் திருகாணி கழற்றித் திறக்க. சிலவற்றில் வளையக் கம்பி பூட்டியிருக்கும். உறுப்புகள் இருந்த நிலையைக் கைத்தொலைபேசியிற் படம் எடுத்துவைத்தால் மீளப் பூட்டுதல் எளிது. கழற்றிய வரிசையிலேயே துணி மீது அடுக்குக.

4. உள்ளே உப்போ துருவோ காணின், உறுப்புகளை நன்னீரில் அலசி உடனே துடைத்து வெயிலில் உலர்த்துக. அதன் பின் சிறு கிண்ணத்தில் இட்ட மண்ணெண்ணெயில் பழைய பற்றூரிகையாற் பசையைத் தேய்த்து நீக்குக. பெற்றோலைப் பயன்படுத்தலாகாது, அதன் ஆவி எளிதிற் தீப்பற்றும். அடுப்புக்கும் சுருட்டுக்கும் அண்மையில் இவ்வேலை வேண்டா.

5. மண்ணெண்ணெய் முற்றும் போகுமாறு துடைத்து உலரவிடுக. பற்களின் முனையையும் நாக்கின் முனையையும் பார்க்க. உடைந்தோ உருண்டோ இருப்பின் எந்த எண்ணெயும் அதனைச் சீராக்காது, அவ்வுறுப்பை மாற்றுக.

6. எண்ணெயாயின் நாக்கின் அச்சில் ஒரு துளியும் பற்சக்கரத்தின் மீது இரண்டு துளியும் போதும். கிறீசாயின் ஒரு நெல்மணியளவு எடுத்துப் பற்களின் மீதும் நாக்கின் முதுகிலும் உலோகம் தெரியுமளவு மெல்லியதாகத் தடவுக. பற்களின் இடுக்குகளை நிரப்பலாகாது.

7. மீளப் பூட்டி இருபக்கமும் பலமுறை சுழற்றுக. ஒலி தெளிவாகவும் ஒரே சீராகவும் கேட்டல் வேண்டும். ஒலி மங்கினால் எண்ணெய் மிகுந்துவிட்டது, திறந்து துடைக்க.

8. வெளிப்புறம் முழுவதும் எண்ணெய் தோய்ந்த துணியால் ஒருமுறை தடவுக. கைப்பிடியை மட்டும் உலர்ந்த துணியாற் துடைத்துவிடுக. பிடியில் எண்ணெய் இருப்பின் கை வழுக்கும்.

எப்பொழுது செய்தல் வேண்டும்?

காலபோக மழை தொடங்குமுன் புரட்டாதியில் ஒருமுறையும், மழை ஓய்ந்தபின் தையில் ஒருமுறையும் தலையைத் திறந்து முழுமையாகக் கழுவுக. சோளகம் வீசும் வைகாசி முதல் ஆவணி வரை, மாதம் ஒருமுறை வெளியைத் துடைத்து ஒரு துளி எண்ணெய் விடுதல் நன்று. படகிற் கொண்டுசென்ற கருவியை வீடு சேர்ந்த அன்றே நன்னீர்த் துணியாற் துடைத்தல் வேண்டும். மறுநாளைக்கென ஒத்திவைக்கலாகாது. ஈரச் சாக்கில் சுற்றி வைக்காது, மூடியுள்ள பெட்டியில் எண்ணெய்த் துணியின் மேல் வைக்க.

இறுகிய ஆணியைக் கழற்ற றச்செற்றின் பிடியிற் குழாயைச் செருகி நீட்டி இழுப்பது கேடு தரும். அவ்வேலைக்கு நீண்ட இரும்புப் பிடியுள்ள சாதாரணக் கருவியையே கொள்க. ஆணி இளகிய பின்பு றச்செற்றைப் பயன்படுத்துக.

இவ்வறிவு பயன்படும் பிற இடங்கள்

துவிச்சக்கரவண்டியின் பின்சில்லுக்கும் மெல்லிய எண்ணெயே ஏற்றது. தடித்த கிறீஸ் அடைத்தால் நாக்குகள் ஒட்டி, மிதிக்கும்போது மிதி வெறுமையாய்ச் சுழலும். சுமையை இறுக்கிக் கட்டும் பட்டிகளின் இறுக்கியிலும் பல்லும் நாக்கும் உள்ளன. அவற்றின் அச்சில் ஒரு துளி இடலாம்; பட்டியின் துணியில் எண்ணெய் படலாகாது, பிடி தளர்ந்துவிடும். தெளிகருவியின் றப்பர் வளையங்களுக்குக் கனிய எண்ணெய் ஆகாது. சிலவகை றப்பர் அதனால் ஊதிக் கெடும். அவற்றுக்குச் சிலிக்கோன் கிறீசே தக்கது.

கழிவு எண்ணெயைக் கிணற்றடியில் ஊற்றற்க

கழுவிய மண்ணெண்ணெயையும் வடித்த எண்ணெயையும் வேலியோரத்தில் ஊற்றிவிடுதல் எளிது. அதன் விளைவோ பெரிது. நம் தீவுகளின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். வெடிப்பும் துளையும் நிறைந்த அக்கல், மேலே ஊற்றுவதை வடிகட்டாது கீழே விடும். அதன் கீழே உவர்நீரின் மீது மெல்லிய படையாக மிதப்பதே நாம் குடிக்கும் நன்னீர். ஒரு லீற்றர் எண்ணெய் பத்து இலட்சம் லீற்றர் நன்னீரைக் கெடுக்கவல்லது எனக் கணக்கிடுவர்.

வலிகாமத்திற் சுன்னாகத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்தமையால் மக்கள் பட்ட துன்பத்தை நாம் அறிவோம். அனல்மின் நிலையம் ஒன்று தொடர்பான அவ்வழக்கில் 2019 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோருக்கு இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு கட்டளையிட்டது. பணம் இழப்பை ஒருவாறு ஈடுசெய்யலாம். கெட்ட கிணற்று நீரை உடனே மீட்டுத்தர அதனால் இயலாது. தீவகத்திற் கிணறு கெடின் அடுத்த கிணற்றுக்குச் செல்வதும் எளிதன்று. ஆகையாற் கழிவெண்ணெயை மூடியுள்ள போத்தலிற் சேர்த்துவைத்து, நகருக்குச் செல்லும்போது எண்ணெய் மாற்றும் வாகனத் திருத்தகத்தில் ஒப்படையுங்கள். எண்ணெய்த் துணிகளை விதைநெல்லோடும் விளைபொருளோடும் சேர்த்து வைக்கவேண்டா.

முடிவாக

உப்பை நன்னீராலும் பசையை மண்ணெண்ணெயாலும் நீக்குக. நுண்பல்லுக்குத் தையல் இயந்திர எண்ணெய் மூன்று துளியும், பெரும்பல்லுக்கு மென்கிறீஸ் நெல்மணியளவும் இடுக. இவற்றை மனத்திற் கொண்டால் ஒரு றச்செற்று நெடுங்காலம் உழைக்கும். இதற்காகும் செலவு ஒரு சிறு புட்டி எண்ணெயின் விலையும், ஆண்டில் இருமுறை அரைமணி நேரமுமே. பயிர் வாடும் நாளிற் கருவி கைகொடுத்தல் வேண்டுமாயின், வேலையற்ற நாளிற் கருவிக்கு நாம் கைகொடுத்தல் வேண்டும். மேலும் ஐயமுள்ளோர் தங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகிக் கேட்டறிவாராக.